அண்ணாச்சி கடை மெமரி

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் மெமரி என்றால் என்னவென்று தெரியாதவர் கிடையாது. போனில் ‘மெமரி ஃபுல்’ என்று வரும். பேரன் பிறந்தநாள் படம், யாரோ அனுப்பிய குட்மார்னிங் ரோஜாப்பூ இதையெல்லாம் அழித்தால் சரியாகிவிடும். மெமரி கார்டு என்று சுண்டுவிரல் நகத்தளவு ஒன்று உண்டு. லாரி டிரைவர்கள் ஊரிலுள்ள பாட்டையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருப்பார்கள். ஆக, மெமரி என்றால் நம்முடையதெல்லாம் பத்திரமாகக் கிடக்கிற இடம். இதில் முதலாளிக்கும் சந்தேகமில்லை, லோடு ஏற்றுகிறவனுக்கும் சந்தேகமில்லை.

அதே மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற மகிழினிக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். அவள் தொழிலில் மெமரி என்பது, கம்ப்யூட்டர் வேலை செய்கிறபோது சாமானைப் பரப்பிக்கொள்ளும் மேசை. கரண்ட் நின்றால் மேசையைத் துடைத்துவிட்ட மாதிரி எல்லாம் போய்விடும். சரக்கு கிடக்கிற கிடங்கு வேறு. அதற்கு ஹார்ட் டிஸ்க் என்று பெயர். மேசை சின்னதாக இருந்தால் வேலை தடுமாறும், பெரிதாகப் போட்டால் ஓடும். விஷயம் இவ்வளவுதான். இதை அவள் ஒரு தடவை உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு இன்னும் இரண்டு கடை போக வேண்டியிருந்தது.

ஆறுமுகநயினார் கடையில் கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகவே முக்கிக்கொண்டிருந்தது. கணக்கு பார்க்கிற ராமசெல்வி ஒரு பில்லைத் திறந்துவிட்டு, எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தால்தான் பில் வந்து நிற்கும். வாசலில் தகடு ஏற்றிய டிரெய்லர் இஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருக்கும். டிரைவர் உள்ளே எட்டிப் பார்ப்பான், பெண்பிள்ளை இருப்பதைக் கண்டு வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு போவான். அதனால்தான் நயினார், தம் கடையில் லோடு மேஸ்திரியாக இருக்கும் துரையைக் கூப்பிட்டு, “ஒம் மவள வரச்சொல்லு துரை” என்றார்.

மகிழினி அந்த மார்க்கெட்டுக்குள் நுழைந்ததே அப்பா வழியாகத்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து ஒரு பெண் முதுகில் டூல்ஸ் பையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினால் மார்க்கெட் முதலில் சிரிக்கும். அப்புறம் மேலும் கீழும் பார்க்கும். அதற்கும் அப்புறம்தான் யோசிக்கும். அவளை உள்ளே விட்டது அவள் படித்த டிப்ளமோ அல்ல, ‘துரை மக’ என்கிற பேர். மீசை அரும்பிய வயசில் இங்கே தகடு தூக்க வந்து, தலை நரைக்கிற வரைக்கும் ஒரு போல்ட்டைக்கூட லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு போகாதவர் துரை. முதலாளி இல்லாத நேரத்திலும், ‘துரை மகதானே, பாத்துட்டுப் போகட்டும்’ என்று ஆபீஸ் ரூம் சாவியை அவளிடம் கொடுத்துவிடுவார்கள். தன் பிழைப்பு எதில் நிற்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பேரைத் தளும்பத் தளும்ப ஊற்றிய டீ கிளாஸைப் பிடிப்பதுபோலத்தான் அவள் மார்க்கெட்டில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்ததும் ஒரு பிடி தூசி எழுந்து எல்லாரையும் தும்ம வைத்தது. உள்ளே எட்டிப் பார்த்த மகிழினிக்கு உடனே விளங்கிவிட்டது.

“மெமரி பத்தல அண்ணாச்சி. ரெண்டு துண்டு கீது, ரெண்டுமே சின்னது. கழட்டிட்டு பெருசா போட்டா சும்மா பறக்கும்.”

“மெமரியா? அது எதுக்கு?” என்றார் நயினார். புது ஆணி வாங்குவதாக இருந்தாலும் எதுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்.

“நீங்கோ பில்லு போட்றது, ரேட்டு பாக்கறது, அல்லாமே அதுலதான அண்ணாச்சி கீது. எடம் பத்தாம தெணறுது.”

அவசரத்தில் சொன்னது. மேசை, கிடங்கு என்று பாடம் எடுக்க நேரமில்லாமல், அவருக்குப் புரிகிற மாதிரி நாலு வார்த்தையில் முடித்துவிட்டாள். நயினாரும் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று அவளும் சந்தோஷப்பட்டாள். உண்மையிலேயே புரிந்துதான் இருந்தது, அவருக்குத் தெரிந்த மெமரி எதுவோ அது.

இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி, சீப்பு மாதிரியிருந்த பழைய பச்சைத் துண்டுகளைக் கழற்றி, புதியதை வைத்து அழுத்தினாள். டக்கென்று சத்தம் கேட்டது. பழைய துண்டு இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது இந்தத் தொழிலின் வழக்கம். வேண்டுமென்கிறவர் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்காவிட்டால் கழற்றியது மெக்கானிக்குக்கு. என்றைக்காவது ஒரு பழைய மெஷினுக்கு உதவும். நயினார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் ஓடிய வேகத்தைப் பார்த்து ராமசெல்வி கைதட்டாத குறை. நயினார் பன்னீர் சோடா வாங்கி வரச் சொன்னார். “ஒம் மவ கெட்டிக்காரி துரை” என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். தகட்டுக்கு நடுவே நின்றிருந்த துரைக்கு முகமெல்லாம் பல். மகிழினி சோடாவைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்த்த கடை சுடலைராஜுடையது. நயினாருக்கு ஊர்க்காரன். அவர் கடையிலேயே தொழில் பழகி, அவர் வாடிக்கையையும் பழகி, ஒரு நல்ல நாள் பார்த்து நேர் எதிரே கடை போட்டவன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. நயினார் கடையில் கம்ப்யூட்டர் பறக்கிற செய்தி ரோட்டைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? அடுத்த வாரமே சுடலைராஜ் மகிழினியைக் கூப்பிட்டுவிட்டான். அவனுடையதும் அதே காலத்து மெஷின்தான். ஒரு துண்டு இருந்தது, பக்கத்து இடம் காலி.

“புதுசெல்லாம் வேண்டாம் தாயி. பழசு எதுவும் கெடந்தா போடு” என்றான்.

பையில் கிடந்ததில் ஒன்றை எடுத்துப் போட்டாள். கொக்கி மாட்டும்போது அவன் சும்மா இருக்காமல், “யார் கடையில கழத்துனது?” என்று கேட்டான். அவளும் சும்மா இருக்காமல், “எதிர்ல நயினார் அண்ணாச்சி கடைது. நல்ல பீஸுண்ணா, சோக்கா ஓடும்” என்றாள்.

சுடலைராஜ் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. சாயங்காலம் எடைமேடைப் பக்கத்து டீக்கடையில் அவன், “அண்ணாச்சி மெமரி பூரா இப்ப எங்கையிலல்லா இருக்கு!” என்று சொல்ல, மொத்த டீக்கடையும் சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், மறுக்க முடியாது.

அந்த மாதக் கடைசியில் எண்ணூரில் பெரிய கொட்டகை கட்டுகிற ஒரு காண்டிராக்டர் தகடு கேட்டிருந்தார். நயினார் ரேட் கொடுத்துவிட்டு, ஆர்டர் வந்தமாதிரியே நினைத்துக்கொண்டு வண்டிக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார். ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. சுடலைராஜ் ஒரு இம்மி குறைத்துப் போட்டிருந்தான். இதில் மாயம் ஒன்றுமில்லை. வாங்குகிறவர்கள் ஒரு கடை ரேட்டைப் போனில் படம் பிடித்து அடுத்த கடையில் காட்டித்தான் பேரம் பேசுகிறார்கள். நயினாரே அப்படி எத்தனை ஆர்டரைப் பிடித்திருக்கிறார்! ஆனால் நாம் பிடித்தால் சாமர்த்தியம், அடுத்தவன் பிடித்தால் ஏதோ சூழ்ச்சி என்றுதான் மனசு சொல்லும். அந்தக் கொதிப்பில் அவர் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் டீக்கடை ஜோக்கை அவர் காதில் போட்டான்.

மகிழினி திருவொற்றியூரில் ஒரு கிளினிக்கில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது.

“மகி, எங்க கீற?”

“வேலையில கீறேன் நைனா. இன்னா?”

“அத்த அப்டியே வுட்டுட்டு கடையாண்ட வா. ஜல்தியா வா.”

அந்தக் குரல் துரையின் குரலாகவே இல்லை. யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வண்டியை விரட்டினாள். அடிபட்டிருந்தது தனக்குத்தான் என்பது கடைக்குள் நுழைந்து நயினாரின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. துரை கதவோரம் செருப்பில்லாமல் நின்றிருந்தார். அந்த அறைக்குள் அவர் எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். இன்றைக்கு மட்டும் அது அவள் கண்ணை உறுத்தியது.

“எம் மெமரிய நீ எடுத்தியா?” என்றார் நயினார்.

“எடுத்தேன் அண்ணாச்சி. அது பழசு...”

“எதுத்த கடைக்காரன் கம்ப்யூட்டர்ல கொண்டு போட்டியா?”

“போட்டேன். ஆனா அண்ணாச்சி, அது...”

“கேட்டுக்கிட்டியா துரை?”

இரண்டு கேள்வி. இரண்டுக்கும் அவள் சொன்னது சத்தியமான பதில். அதோடு வழக்கு முடிந்துவிட்டது. அப்புறம் அவள் பேசியதெல்லாம் தீர்ப்பு சொன்ன பிறகு கைதி பேசுகிற பேச்சு.

“அதுல ஒண்ணுமே இருக்காது அண்ணாச்சி. கரண்ட ஆஃப் பண்ணா அல்லாம் பூடும். உங்க கணக்கு, ரேட்டு அல்லாம் இன்னும் இந்தப் பொட்டிக்குள்ளதான் கீது. இதோ, ஹார்ட் டிஸ்க்குன்னு இது வேற...”

“அன்னைக்கு நீங்கதானக்கா சொன்னீய,” என்றாள் ராமசெல்வி. “பில்லு, ரேட்டு எல்லாமே அதுலதான் இருக்குன்னு?”

ராமசெல்விக்கு மகிழினி மேல் எந்தக் கோபமும் கிடையாது. கேட்டதை அப்படியே ஒப்பிக்கிற பெண். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியிருப்பாள். ‘நான் சும்மா புரிய வைக்கச் சொன்னேன்’ என்பது எவ்வளவு கேவலமான பதிலாக ஒலிக்கும் என்று சொல்வதற்கு முன்பே மகிழினிக்குத் தெரிந்தது. இருந்தாலும் சொன்னாள். கேவலமாகத்தான் ஒலித்தது.

நயினார் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். “நாளைக்குச் சாயங்காலம் அது எங்கைக்கு வரணும். இல்லேன்னா சங்கத்துல சொல்லிருவேன். அப்புறம் ஒரு கடையும் ஒன்ன உள்ள ஏத்தாது. ஒங்கப்பன் மொகத்துக்காவத்தான் இவ்வளவு தூரம் பேசுதேன்” என்றார்.

“குடுத்துடுவா அண்ணாச்சி” என்றார் துரை.

வெளியே வந்ததும் எடைமேடைச் சுவரோரமாக அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். கிரேன் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது.

“நைனா, கொண்டாந்து குடுத்தா நான் திருடுனேன்னு ஆய்டும். எடுத்தவதான திருப்பிக் குடுப்பா?”

“குடுக்காங்காட்டி?”

“அப்பவும் அப்டித்தான் சொல்வாங்கோ.”

“அப்பறம் இன்னா? குடுத்துட்டே அந்தப் பேர வாங்கு. வேலையாவது நிக்கும்.”

அவருக்கு அது எளிய கணக்கு. தகடு காலில் விழும் என்று தெரிந்தால் காலை இழுத்துக்கொள்ள வேண்டும், தகட்டோடு வாதாடக் கூடாது. மகிழினிக்கு ஆத்திரமாக வந்தது. தான் செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொள்ள எதற்கு ஒரு டிப்ளமோ, எதற்கு ஸ்கூட்டி, எதற்கு இந்தப் பை? அன்று ராத்திரி புரண்டு புரண்டு படுத்ததில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. துண்டைச் சும்மா கொடுப்பதாவது! எல்லார் முன்னாலும் அதை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்ட வேண்டும். நயினாருடைய மெஷினில் மாட்டினால் அதிலிருக்கும் கணக்கு திரையில் வந்து குழப்பிவிடும். தன் வீட்டுக் கம்ப்யூட்டரை, அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாட்டி, ஸ்விட்சைப் போட்டால் திரையில் ஒன்றும் இருக்காது. காலியாக இருப்பதை அவர்களே கண்ணால் பார்க்கட்டும். பார்த்த பிறகு என்ன சொல்வார்கள்? அந்த நினைப்பில்தான் அவள் தூங்கினாள்.

மறுநாள் முதலில் சுடலைராஜ் கடைக்குப் போனாள். துண்டைக் கழற்றிக்கொள்ள அவன் ஒன்றும் சொல்லவில்லை. “நீங்கோ வந்து, வெளயாட்டுக்குத்தான் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா” என்று கேட்டாள்.

“நான் வந்து சொன்னா ரெண்டு பேரும் கூட்டுன்னுல்லா சொல்வாரு? ஒனக்குத்தான் தாயி கஷ்டம்” என்றான். சொன்னது சரிதான். ஆனால் சொல்லும்போது அவன் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் பாக்கியிருந்தது. அதைப் பார்த்தபோது ஸ்பானரை எடுத்து அவன் மண்டையில் போடலாமா என்றுகூட அவளுக்கு இருந்தது.

சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்து ஓட்டிக்கொண்டு வந்து நயினார் மேசைமேல் தூக்கி வைத்து, அங்கிருந்த திரையின் வயரை அதில் செருகினாள். வியாபாரிகள் சங்கச் செயலாளர் சிலுவைமுத்துவும் வந்திருந்தார். நியாயமான மனுஷர் என்று மார்க்கெட்டில் பேர். அவரைப் பார்த்ததும் மகிழினிக்குத் தெம்பு வந்தது. ராமசெல்வி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தாள். துரை அதே கதவோரம்.

“அண்ணாச்சி, சார், நல்லா பாத்துக்கோங்கோ,” என்றாள் மகிழினி. இந்தத் தடவை அவசரப்படவில்லை. மேசை, கிடங்கு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். “இதான் அந்தப் பழைய மெமரி. ரெண்டும் கீது. இது எங்கூட்டு கம்ப்யூட்டர். இப்போ நான் இத்த இதுல மாட்டப் போறேன். உங்க கணக்கு ஒரு எழுத்து வந்தாலும் நான் திருடின்னு ஒத்துக்கறேன்.”

“சரியாத்தான சொல்லுது அந்தப் பிள்ள” என்றார் சிலுவைமுத்து. நயினாரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். அறையே அவள் பக்கம் சாய்ந்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷம், ஜெயித்துவிட்டோம் என்றே மகிழினி நினைத்தாள்.

இரும்புத் தூசி பறக்கிற ஊரில் எந்தத் துண்டும் கழற்றி மாட்டினால் ஒரே தடவையில் வேலை செய்யாது. அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களில் அழுக்கு படிந்திருக்கும். அதை எடுக்க மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கடையில் விற்கிற பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். பளிச்சென்று ஆகிவிடும். தொழில் பழகிய நாளிலிருந்து மகிழினி சட்டைப் பையில் ஒரு ரப்பர் இருக்கும். கேட்டால்கூட எப்போது எடுத்தாள், எப்போது தேய்த்தாள் என்று அவளால் சொல்ல முடியாது. கை அதுபாட்டுக்குச் செய்துவிடும். இப்போதும் செய்தது. துண்டை இடது கையில் பிடித்து, ரப்பரை எடுத்து, வரட் வரட்டென்று தேய்த்தாள்.

“ஏ! ஏ! அழிக்கா!” நயினார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “நம்ம கண்ணு முன்னாடியே அழிக்கா பாரு!”

யாரை, என்னத்தைச் சொல்கிறார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. எல்லாரும் தன் கையைப் பார்ப்பதைக் கண்டு அவளும் பார்த்தாள். விரலிடுக்கில் ரப்பர். மேசையெல்லாம் அதன் துகள்.

“இது அழுக்கு எடுக்கறது அண்ணாச்சி! அல்லாருமே பண்றதுதான். பல்லு தொடைக்கலன்னா ஓடாது...”

“அழிரப்பர்தானம்மா அது?” என்றார் சிலுவைமுத்து. அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. “அழிக்கதுக்குத்தான அழிரப்பர்?”

மகிழினி ஊரில் அதற்குப் பேர் வெறும் ரப்பர். அவர்களுடைய தெற்கத்தி ஊரிலோ அது செய்கிற வேலை பேரிலேயே இருக்கிறது. இரண்டு துண்டையும் மாட்டினாள், ஸ்விட்சைப் போட்டாள். திரை வெளிச்சமானது. அதில் ஒன்றுமே இல்லை. காலியாக இருப்பதைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் சுமந்து வந்தாள். நினைத்த மாதிரியே காலியாக இருந்தது. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அது ஏன் காலி என்பதில் இப்போது சந்தேகம் இல்லை.

நயினார் உட்கார்ந்தார். கோபம் போய் முகத்தில் ஒரு களைப்பு வந்திருந்தது. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவருக்கு நெஞ்சார வருத்தமாக இருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு துண்டையும் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, செய்தித்தாளில் மடித்து, இரும்புப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். ஒன்றுமில்லாத இரண்டு பச்சைத் துண்டுகள் பத்திரங்களோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

“சங்கத்துல எழுத வேண்டாம் முத்து. துரைக்காவ விட்டுருதேன்” என்றார். “ஆனா இனிமே இவ இந்த மார்க்கெட்டுக்குள்ள வரப்பிடாது.”

“அண்ணாச்சி, நான்...”

துரை முன்னால் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, “சின்னப் பொண்ணு அண்ணாச்சி. தெரியாம பண்ட்டா. மன்ச்சிக்கோ” என்றார்.

“நைனா!”

அவர் திரும்பாமலே கையைத் தூக்கி அவளை அடக்கினார். பிறந்ததிலிருந்து அவளைப் பேசவிட்டு ரசித்த மனுஷர். தெருவில் யாரோடு சண்டை என்றாலும், ‘எம் பொண்ணு கேக்கட்டும்’ என்று ஒதுங்கி நின்றவர்.

“நீ நாளைக்கு வழக்கம்போல வா துரை,” என்றார் நயினார். “ஒன்னைய நான் ஒண்ணும் சொல்லல்ல.”

ஸ்கூட்டியில் கம்ப்யூட்டர் பெட்டி காலடியில், அப்பா பின் சீட்டில். மணலி ரோட்டில் டேங்கர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ரிஃபைனரி நாற்றம் மூக்கை அடைத்தது. மகிழினி ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு அழுதாள். அவமானமாக இருந்தது. போன கடைகளெல்லாம் போனதுதான். ராயபுரத்திலோ மணலி புதுநகரிலோ புதிதாக ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிடலாம். ஆனால் நைனா ஏன் மன்னிப்புக் கேட்டார்? வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்டார், என் நைனாவுக்குத் தெரியும் நான் எப்படிப்பட்டவள் என்று, அந்த இடத்தில் அவர் வேறென்ன செய்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே வந்தாள். அதைச் சொல்லச் சொல்ல அழுகை கொஞ்சம் அடங்கியது. உலகத்தில் ஒரு ஆள் போதும் என்றுகூட நினைத்தாள்.

கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் காலை ஊன்றினாள். துரை முன்னால் சாய்ந்து, காதோரமாக, பக்கத்து வண்டிக்காரனுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“மகி. அழிச்சதும் நல்லதுக்குத்தாம்மா.”

“இன்னா நைனா?”

“கைல ஒண்ணும் சிக்கல பாரு. சிக்கியிருந்தா போலீசு அது இதுன்னு பேஜாரா பூட்டிருக்கும். அத்தினி பேரு பாத்துகினு கீறாங்கோ, நீ பாட்டுக்கு ரப்பர எடுத்து அழிச்சுகினு கீற. எனுக்குப் பக்குனு ஆய்டுச்சு. ஆனா அதான் புத்தி.” கோபத்தின் நிழல்கூட அவர் குரலில் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “வயசுல அல்லாரும் ஒரு தபா பண்றதுதான். வுடு. நான் உங்கம்மாவாண்டகூட மூச்சு வுட மாட்டேன்.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு பாசம் இருந்தது.

“நைனா, நான் எதுவும் எடுக்கல. அதுல எதுவுமே இல்ல.”

“ஆமாம்மா,” என்று துரை அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். “எடுக்கல. எதுவுமே இல்ல. யார் கேட்டாலும் இதே மாரி சொல்லு, இன்னா?”